லயக் காம்பராவுக்குள் நாற்றுப்பெட்டி: எந்த விளக்கு நமக்குத் தோதானது?

எங்கள் மாதர் குழுக் கூட்டங்களில் தையல், கோழி வளர்ப்பு என்பவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது அடிக்கடி அடிபடும் பேச்சு ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள்ளே அலுமாரி போல ஒரு பெட்டியை வைத்து, அதற்குள் எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்தி, வெயிலே படாமல் கீரையும் நாற்றும் வளர்க்கலாம் என்பதுதான் அது. கைத்தொலைபேசியில் படம் பார்த்துவிட்டு வந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். தவணைக்கு விளக்கு விற்க வந்தவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். "வாங்கலாமா அக்கா?" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். எல்கடுவையில் என் காம்பராவுக்குள் அப்படியொரு பெட்டியை வைத்து இரண்டு வருடங்களாக நாற்று விற்று வருகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வன்னியிலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளில் பெரும்பாலானோருக்கு இந்த விளக்கு தேவையே இல்லை. நான் வளர்ந்ததும் கிளிநொச்சிப் பக்கந்தான். 1977 கலவரத்தின்போது இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டு அப்பாவும் அம்மாவும் அங்கே போய்க் குடியேறினார்கள். அங்கே மிளகாய் நாற்றுமேடை போட்டால் எங்கள் கவலையெல்லாம் வெயிலைத் தடுப்பதில்தான் இருக்கும். பகலில் கிடுகு போட்டு மூடுவோம், பொழுது சாய்ந்ததும் எடுத்துவிடுவோம். வெயில் என்பது விலையுள்ள பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்படியான இடத்தில் யாராவது உங்களிடம் வந்து பயிர் விளக்கு வாங்கச் சொன்னால், ஒரு துண்டு நிழல்வலை என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் பிறகு பதில் சொல்லுங்கள்.

எல்கடுவையின் கதை வேறு. வத்தேகமவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வரும் பாதையில் பாதித் தூரம் வந்ததுமே மூட்டம் தொடங்கிவிடும். மேலே ஹுன்னஸ்கிரிய மலை, அதற்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு மழை பிடித்தால் சூரியனைக் காணாத நாட்களே அதிகம். நாங்கள் இருக்கும் லயமோ வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்சுவரில் யன்னல் இல்லை. 2010இல் முகாமை விட்டு வந்து மாமாவின் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு ஒதுங்கியபோது, பகல் பதினொரு மணிக்கும் விளக்கைப் போட்டுத்தான் அரிசி புடைத்தேன்.

இந்த மழை மாதங்களில்தான் இங்கே நாற்றுக்குக் கிராக்கி. வெளியில் போட்ட மேடையில் விதை முளைக்கும், நாலு நாளில் தண்டின் அடி அழுகிச் சரிந்துவிடும். கோவா, சலாது, கறிமிளகாய், தக்காளி என்று எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே, முளைத்து வரும் முதல் மூன்று நாலு கிழமைகளுக்கு மழையிலிருந்து காப்பாற்றிக் கொடுத்தால் அந்த நாற்றை வாங்க ஆள் இருக்கிறது. எங்களுக்கு விளக்கு வேண்டியிருப்பது இதற்கு மட்டுந்தான். பெட்டிக்குள்ளேயே தக்காளி காய்க்க வைப்பதற்கு அல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். எந்த விளக்கு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

நமது கண் நம்மை ஏமாற்றும். இருட்டு அறைக்குள் வந்து ஐந்து நிமிடம் இருந்தால் கண் பழகிவிடும், நல்ல வெளிச்சம் என்றே தோன்றும். செடியால் அப்படிப் பழக முடியாது. வெளிச்சம் போதாவிட்டால் அது வெளிறிப்போய், நூல் போல நீண்டு, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்து விழும். "நன்றாக வளர்கிறது, உயரமாக வருகிறது" என்று சிலர் சந்தோஷப்படுவதுண்டு. அது வளர்ச்சியல்ல, வெளிச்சத்தைத் தேடி ஓடுகின்ற ஓட்டம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளப்பார்கள். கைத்தொலைபேசியில் இதற்கென்று இலவசச் செயலிகள் உண்டு. அவை துல்லியமானவை அல்ல, ஆனாலும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். முகில் இல்லாத நாளில் உச்சி வெயில் ஓர் இலட்சம் லக்ஸ் வரை போகும். மூட்டமான நாளில் எங்கள் இஸ்தோப்பில் 2,000 அல்லது 3,000 காட்டும். காம்பராவின் வாசற்படிக்கு உள்ளே 200. பின்சுவர் மூலையில், அதாவது பெட்டி வைக்க இடம் இருக்கும் ஒரே மூலையில், 20கூட இல்லை. நாற்று குட்டையாகவும் தண்டு தடிப்பாகவும் வர வேண்டுமென்றால் இலை மட்டத்தில் 8,000 முதல் 12,000 லக்ஸ் வரை ஒரு நாளைக்கு 14, 15 மணித்தியாலம் கிடைக்க வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

தனி வீடு கிடைத்து, தெற்குப் பார்த்த யன்னலோ சிறு முற்றமோ உள்ளவர்கள் அங்கே முதலில் அளந்து பாருங்கள். வெள்ளைப் பொலித்தீனால் ஒரு சிறு கூரை போட்டால் மழையும் தடுபடும், வெளிச்சமும் வரும். மின்சாரம் வேண்டாம்.

ஊதாவா, வெள்ளையா?

விற்க வருபவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ஊதா நிறமாக எரியும் விளக்கு. "இதுதான் செடிக்கென்றே செய்தது, சாதாரண விளக்கில் செடி வளராது" என்பார்கள். இது எங்கிருந்து வந்தது என்று விளங்கிக்கொண்டால் பயம் போய்விடும்.

செடி பயன்படுத்துவது நாம் கண்ணால் காணும் வெளிச்சத்தைத்தான். அதில் சிவப்பையும் நீலத்தையும் இலை கூடுதலாக உறிஞ்சும். அதனால் சிவப்பு எல்.ஈ.டி.யையும் நீல எல்.ஈ.டி.யையும் மட்டும் கலந்து விளக்குச் செய்தார்கள். இரண்டும் கலந்தால் ஊதா. ஆனால் பச்சை வெளிச்சம் செடிக்கு வீண் என்பது சரியல்ல. 1972இல் கீத் மக்ரீ என்ற அறிஞர் பல பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிற வெளிச்சத்திலும் வைத்து அளந்து வெளியிட்ட ஆய்வு, பச்சையையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று காட்டியது. இலை பச்சையாகத் தெரிவது, அது பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவதால்தான். மிச்சத்தை வைத்துக்கொள்கிறது.

இன்று கடையில் விற்கும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு உண்மையில் ஒரு நீல விளக்கு. அதன்மேல் மஞ்சள் பூச்சு ஒன்று உண்டு. நீலத்தில் ஒரு பகுதியை அந்தப் பூச்சு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற்றிக் கொடுக்கிறது, எல்லாம் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.ஈ.டி.யைச் செய்து காட்டியதற்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது. ஆக, செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் கடையில் விற்கும் சாதாரண வெள்ளை ரியூப்பிலேயே இருக்கின்றன. திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். போத்தலுக்குள் வளரும் அந்தச் சிறு கன்றுகளை ஆய்வுகூடங்களில் தட்டுத் தட்டாக அடுக்கி, மேலே வெள்ளை ரியூப் விளக்கைப் போட்டு வளர்ப்பது பல்லாண்டு கால வழக்கம்.

வெள்ளையை நான் தெரிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊதா வெளிச்சத்தின் கீழ் எல்லா இலையும் கறுத்துத் தெரியும். இலை மஞ்சளாகிறதா, அடியில் பூஞ்சணம் பிடிக்கிறதா, பேன் ஒட்டியிருக்கிறதா, ஒன்றும் கண்ணுக்குப் படாது. 2014இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 'வெஜி' என்ற சிறு பயிர்ப்பெட்டியை அனுப்பினார்கள். அதில் விளைந்த சிவப்புச் சலாது இலையை 2015 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் சாப்பிட்டார்கள். அந்தப் பெட்டியிலும் சிவப்பு, நீலத்தோடு பச்சை விளக்கையும் வைத்திருந்தார்கள், செடியை அதன் நிறத்திலேயே பார்ப்பதற்காக. நமக்கோ இருப்பது ஒரே காம்பரா. ஊதா வெளிச்சத்தில் பிள்ளை படிக்க முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது. என் பெட்டியின் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் மகளின் புத்தகத்துக்கும் வெளிச்சம் விழும்.

வெள்ளையிலும் இரண்டு வகை உண்டு. மஞ்சள் கலந்த வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை. பெட்டியில் 3000 என்று போட்டிருந்தால் மஞ்சள், 6500 என்றால் நீலம். நாற்றுக்கு 6500தான் நல்லது. நீலம் கூடினால் தண்டு நீளாமல் குட்டையாக நிற்கும். "முழு நிறமாலை" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்தச் சொல்லை யாரும் எதிலும் அச்சடிக்கலாம்.

பெட்டியில் எழுதிய வாட்டும் மீற்றர் சொல்லும் வாட்டும்

எங்கள் லயத்தில் ஓர் அக்கா தவணைக்கு ஊதா விளக்கு ஒன்று வாங்கினார். பெட்டியில் 1000 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பெரிய எண் என்றால் நல்ல விளக்கு என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரு நாள் அதைச் சோதித்துப் பார்த்தோம். அவர் வீட்டில் மற்ற எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு அந்த விளக்கை மட்டும் போட்டு, மீற்றரில் மின்னும் சிவப்புப் புள்ளியை அரை மணித்தியாலம் எண்ணினோம். 96 தடவை மின்னியது. ஒரு யூனிட்டுக்கு 1600 தடவை மின்னும் என்று அந்த மீற்றரின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டால் அந்த விளக்கு இழுப்பது 120 வாட். அந்த 1000 எங்கே போனது? விளக்கில் 100 சிறு புள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 10 வாட் வரை தாங்கும் என்று சொல்லி, நூறைப் பத்தால் பெருக்கிப் போட்ட எண் அது. உண்மையில் எரிவது வேறு.

இந்தச் சோதனையை எந்த விளக்குக்கும் நீங்களே செய்யலாம். மீற்றரில் உள்ள எண் வீட்டுக்கு வீடு வேறுபடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1600 என்று உள்ள மீற்றரில் 40 வாட் விளக்கு அரை மணித்தியாலத்தில் 32 தடவை மின்னும்.

வாட் என்பது விளக்குத் தின்னும் மின்சாரம். அது கொடுக்கும் வெளிச்சம் லூமென் என்ற எண்ணில் இருக்கும். நல்ல வெள்ளை ரியூப் ஒரு வாட்டுக்கு 100 லூமென் அளவில் கொடுக்கும். 10 வாட் ரியூப்பில் 1000 லூமென் என்று இருந்தால் எடுங்கள். 700 என்று இருந்தால் வைத்துவிடுங்கள். லூமென் எண்ணே இல்லாத பெட்டி என்றால் கையிலேயே எடுக்க வேண்டாம்.

என் பெட்டி இரண்டடிக்கு இரண்டடி. பழைய அலுமாரிப் பலகையால் தச்சது. உள்ளே நூறு குழியுள்ள நாற்றுத்தட்டம் இரண்டு பக்கம் பக்கமாக வைக்கலாம். மேலே இரண்டடி நீள 10 வாட் ரியூப் நான்கு, அரை அடி இடைவெளியில். மொத்தம் 40 வாட், 4000 லூமென். பக்கங்களில் பட்டு வீணாகும் கால்வாசியைக் கழித்தால் தட்டத்தின் மேல் ஏறக்குறைய 8,000 லக்ஸ் விழும். கைத்தொலைபேசியும் அந்த அளவைத்தான் காட்டுகிறது. உள்சுவர்களுக்கு வெள்ளைப் பெயின்ற் பூசினேன். வெள்ளிக் கடதாசி ஒட்டத் தேவையில்லை. அது கசங்கி, ஈரத்தில் உரிந்து, ஒரு மாதத்தில் குப்பையாகிவிடும்.

விளக்குக்கும் இலைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி போதும். எல்.ஈ.டி. ரியூப் பழைய குண்டு பல்ப் போலச் சுடாது, கிட்ட வைக்கலாம். தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறையும். அதனால் நான் விளக்கை உயர்த்தி இறக்குவதில்லை, தட்டத்தின் கீழே செங்கல் வைத்திருக்கிறேன். முளைத்ததும் இரண்டு கல், வளர வளர ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன்.

யூனிட் கணக்கு

40 வாட், ஒரு நாளைக்கு 15 மணித்தியாலம். 600 வாட் மணித்தியாலம், அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 30 நாளுக்கு 18 யூனிட். இந்த 18 யூனிட்டில் 200 குழியில் நாற்று வருகிறது. அழிவதைக் கழித்து 160 விற்றால் ஒரு நாற்றுக்கு ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்குதான் செலவு. அந்த அக்காவின் விளக்கையும் இதே நேரம் எரித்தால் மாதம் 54 யூனிட். அதற்கு ஈடாக நாற்று மூன்று மடங்கு வருமா? வராது. அந்த விளக்கின் கீழேயும் அதே இரண்டு தட்டந்தான் வைக்கலாம். நாற்றுக்கு வேண்டியதைவிடக் கூடுதலான வெளிச்சம் வேறு. கிட்ட வைத்தால் இலை நுனி கருகுகிறது.

யூனிட்டை ரூபாயாக நான் இங்கே மாற்றவில்லை. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறகும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கடைசி மின்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது 60 யூனிட் எல்லை. வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு ஒரு விலை, அதைத் தாண்டியவர்களுக்கு வேறு விலை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழேயுள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். எங்கள் வீட்டில் மாதம் 35 யூனிட் அளவில்தான் போகும். 18ஐக் கூட்டினாலும் 53. அதனால்தான் நாலு ரியூப்போடு நிறுத்தினேன். நீங்கள் ஏற்கெனவே 50இல் நிற்பவராக இருந்தால், இந்தப் பெட்டி உங்களை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். அப்போது ஒரு தட்டம், இரண்டு ரியூப் என்று பாதியாக்கிக்கொள்ளலாம். அல்லது மழை மாதங்களில் மட்டும் எரிக்கலாம்.

அந்த அக்கா இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். விளக்கு மேசைக்குக் கீழே பொலித்தீனில் சுற்றிக் கிடக்கிறது. நம் போன்ற பெண்களுக்கு நுண்கடன் என்ன செய்திருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்த கையோடு வடக்கிலும் கிழக்கிலும் வாசல் வாசலாக வந்தார்கள். கணவன் இல்லாத வீடு, பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண் என்று பார்த்துத்தான் வந்தார்கள். 2021இல் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்களும் இதற்கெதிராக நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். விளக்கு விற்பவர் கடன் போமையும் சேர்த்து நீட்டினால், அது விளக்கு வியாபாரம் அல்ல, கடன் வியாபாரம். என் நாலு ரியூப்பையும் நான் ஒன்றாக வாங்கவில்லை. முதலில் இரண்டு வாங்கி ஒரு தட்டம் வளர்த்து, அந்த நாற்றை விற்ற காசில் மற்ற இரண்டையும் வாங்கினேன். தவணையில் வரும் விளக்கை இப்படித் துண்டு துண்டாக வாங்க முடியாது. ரியூப்புக்கு உள்ள பெரிய வசதியே இதுதான் என்பேன்.

நெருப்பு

லயத்தில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்து, இருபது காம்பராவுக்கு ஒரே கூரை. ஓரிடத்தில் வயர் கருகினால் முழு லயமும் போய்விடும். மின்னொழுக்கால் லயம் எரிந்து, உடுத்த உடுப்போடு குடும்பங்கள் பாடசாலையில் தங்கவைக்கப்பட்டார்கள் என்ற செய்தி மலையகத்தில் வருடந்தோறும் வருகிறது. ஒரு முறை எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் நாங்கள். இன்னொரு முறை வேண்டாம்.

ஆகவே விளக்கு 40 வாட் தானே என்று அலட்சியம் வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. தாங்கியோடு சேர்ந்தே வரும் ரியூப்பை வாங்குங்கள். பழைய ரியூப் லைற்றின் சோக் உள்ள சட்டத்தில் எல்.ஈ.டி. ரியூப்பைச் செருகப் பார்க்காதீர்கள், அதற்கு வயரை மாற்ற வேண்டும், தெரியாத கையால் மாற்றினால் ஆபத்து. வயர் இணைப்புகள் எல்லாம் பெட்டிக்கு வெளியே, தட்டத்தை விட உயரமான இடத்தில் இருக்க வேண்டும். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு பெட்டிக்குள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் இதைப் போடவே வேண்டாம். உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் விளக்கைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு முதலில் அதைத் திருத்துங்கள். ட்ரிப் சுவிட்சே இல்லாத காம்பராவில் இந்தப் பெட்டியை வைக்காதீர்கள்.

தண்ணீரை மேலே தெளிக்காமல் தட்டத்தின் கீழே உள்ள தகரத் தட்டில் ஊற்றுகிறேன். தும்புத்தூள் அதை உறிஞ்சிக்கொள்ளும். விளக்கும் நனையாது, இலையும் நனையாது, அழுகலும் குறைவு. பகலில் சில மணித்தியாலம் கதவைத் திறந்து விடுவதால் காற்றோட்டத்துக்கு வேறு விசிறி வைக்கவில்லை. விளக்கைப் போட்டு அணைக்க நேரச் சுவிட்ச் வாங்கலாம், நல்லதுதான். நான் விடியற்காலை பிரட்டுக்குப் போகும் முன் ஐந்து மணிக்குப் போட்டு இரவு எட்டு மணிக்கு அணைக்கிறேன், அதுவே சரியாக வருகிறது. இரவில் செடிக்கு இருட்டு வேண்டும். மின்வெட்டு வந்தால் பதற வேண்டாம். ஒரு நாள் இருட்டில் நாற்று சாகாது, தட்டத்தை இஸ்தோப்பில் எடுத்து வைத்தால் போதும். 2022 மார்ச் கடைசியில் இருந்ததுபோல 13 மணித்தியால மின்வெட்டு தினமும் தொடர்ந்தால் அது வேறு கதை.

என்ன வளரும், என்ன வளராது

இந்த வெளிச்சத்தில் கோவா, சலாது, தக்காளி, கறிமிளகாய் நாற்றுகள் நன்றாக வரும். கடுகு, வெந்தயம், முள்ளங்கி விதைகளை நெருக்கித் தூவி, இரண்டு கிழமைக்குள் இளங்கீரையாக வெட்டலாம். வீட்டுக் கறிக்கு அது போதும், விற்பனைக்கு இங்கே அவ்வளவு ஆள் இல்லை. காய்க்கும் பயிர் வேண்டாம். தக்காளி பூத்துக் காய்க்க இதைப் போல மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். அந்த மின்சாரச் செலவில் சந்தையில் தக்காளியையே வாங்கிவிடலாம்.

பெட்டிக்குள் வளர்ந்த நாற்றை நேரே வெளியில் நட்டால் இரண்டே நாளில் வெளுத்துச் சுருண்டுவிடும். தோட்டத்தில் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்த பெண்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தேயிலைத் துண்டை நட்டதும் மூடி வைத்து, வேர் விட்ட பின் நிழலை ஒரேயடியாக எடுக்காமல் கொஞ்சங் கொஞ்சமாகத்தானே திறப்பார்கள்? அதே வேலைதான். முதல் நாள் இஸ்தோப்பில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு, பிறகு முற்றத்தில் காலை வெயில், இப்படி ஏழு முதல் பத்து நாள். நான் பழக்கிய நாற்றை மட்டுமே விற்கிறேன். வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வருவது அதனால்தான்.

என் பெட்டி தச்சுத் தந்த மாமா ஒரு முறை, "அவ்வளவு இருட்டு மூலையில் ஏன் செடி? காளான் போடலாமே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிப்பிக் காளானுக்கு இந்த விளக்கு வேண்டாம், குடை விரியும் நேரத்தில் வாசலால் வரும் மங்கல் வெளிச்சமே போதும். ஆனால் படுக்கிற காம்பராவுக்குள் அதை வைக்கக் கூடாது. முதிர்ந்த காளானிலிருந்து பறக்கும் நுண்தூள் நெஞ்சுக்குள் போய் இருமலும் இழுப்பும் கொண்டுவரும், அதுவும் சிறு பிள்ளைகளுக்கு. தனியாக ஒரு கொட்டில் போட இடமுள்ளவர்கள் விளக்குக்குப் போகாமல் காளானுக்கே போகலாம். எங்கள் லயத்தின் பின்னால் அப்படியொரு கொட்டில் போட நானும் அந்த அக்காவும் தோட்டத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம்.